புழுவின் வாயும் ஆலையின் துளையும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சரக்கறையில் நூல் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஊடைக்கென்று அலமாரியில் அடுக்கப்பட்டிருந்த நூற்கட்டுகள் யாவும் பதிவேட்டில் "பட்டு" என்னும் ஒரே தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருந்தன. எடை சரியாக இருந்தது. ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆயினும் இரண்டு கட்டுகளின் பளபளப்பு நம் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து இழைகளை உருவி முறுக்கித் தீக்குச்சியைக் காட்டினோம். முதலாவது, மயிர் பொசுங்கும் நாற்றத்துடன் மெல்ல எரிந்தது. நெருப்பை விலக்கியதும் அணைந்தது. விரலிடையே பொடியாக நொறுங்கும் கரிய உருண்டை மிஞ்சிற்று. இரண்டாவது காகிதம்போலப் பற்றி எரிந்து சாம்பலாயிற்று. மூன்றாவது உருகிச் சுருண்டு, நசுக்க முடியாத கெட்டி மணியாக இறுகிற்று. ஒரே பெயரில் மூன்று பொருள்கள்!

செயலாளர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற முதிய நெசவாளர் ஒருவர்தாம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணும் பட்டுதான் சார். ஒண்ணு புழு கக்குனது, ஒண்ணு மரம் கக்குனது, ஒண்ணு மண்ணெண்ணெய் கக்குனது. தறிக்கு என்ன தெரியும்?"

மரம் கக்கியது என்று அவர் சொன்னது விஸ்கோஸ் ரேயான். மண்ணெண்ணெய் என்றது பாலியெஸ்டரை. அது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யப்படுவது. வேடிக்கையாகச் சொன்னாரோ, சமாளிப்பதற்காகச் சொன்னாரோ, அந்தப் பெரியவர் வாயில் "கக்குதல்" என்னும் மிகப் பொருத்தமான சொல் வந்துவிட்டது. செயற்கை இழையின் சரித்திரம் முழுவதும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. ஒரு பூச்சியின் உடலைக் கூர்ந்து பார்த்து, அதன் ஓர் உறுப்பைப் போலவே ஒரு கருவியைச் செய்து, அதன்வழியே ஒரு பண்டத்திற்கு உருக்கொடுத்த வரலாறு அது. நம் அங்கத்தினர்களில் பாதிப் பேர் அப்பூச்சியை வளர்ப்பவர்கள். மறுபாதியினர் அதன் இழையை நெய்பவர்கள். ஆனால் அதன் உடலை உற்றுப் பார்த்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. பார்த்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அதன் விளைவைத்தான் அன்று அலமாரியில் கண்டோம்.

பட்டுப்புழுவின் உடலுக்குள், குடலின் இரு பக்கங்களிலும் நீண்டு மடிந்து கிடக்கும் இரண்டு பட்டுச் சுரப்பிகள் உள்ளன. ஐந்தாம் பருவத்தின் முடிவில், புழு தழை தின்பதை நிறுத்தும் நாளில், உடலுக்குள் பெரும் இடத்தை இவையே அடைத்துக்கொள்கின்றன. சுரப்பியின் பின்பகுதி 'பைப்ராயின்' என்னும் பட்டுச் சத்தைச் சுரக்கிறது. நடுப்பகுதி அதனைச் சேமித்து வைத்து, 'செரிசின்' என்னும் பசையை அதன்மேல் போர்த்துகிறது. முன்பகுதி வரவரக் குறுகும் மெல்லிய குழாய். இடமும் வலமுமாக வரும் இரு குழாய்களும் தலைக்குள் ஒன்றுசேர்ந்து, கீழுதட்டில் உள்ள ஒரு சிறு முனையில் ஒரே துளையாக வெளியே திறக்கின்றன. அம்முனையே புழுவின் நூற்பு முனை. பட்டிழை ஒன்றுபோல் தோன்றினும் உண்மையில் இரண்டு இழைகள் பசையால் ஒட்டியதே என்பதற்குக் காரணம் இதுதான். கூட்டை வெந்நீரிலிட்டு இழை எடுப்போரும், கோராப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை போக்குவோரும் நாள்தோறும் கையாள்வது இவ்விரு சுரப்பிகளின் வேலையைத்தான்.

திரவமாக உள்ளேயிருந்து வருவது வெளியே வந்ததும் இழையாகிறது என்னும் இந்த ஒரு செய்தி, ஐரோப்பாவில் சிலருடைய மனத்தில் விதையாக விழுந்தது. 1665இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர், பூதக்கண்ணாடியில் கண்டவற்றை எழுதிய நூலில், புழுவின் பசையைப்போல ஒரு பசையை மனிதனும் செய்து இழையாக இழுக்கலாமே என்று யோசனை சொன்னார். 1734இல் பிரான்சில் ரெயோமூர், பூச்சிகளைப் பற்றிய தம் பெருநூலில், பட்டு என்பது உலர்ந்த பிசினே. ஆகவே நம்மிடமுள்ள பிசின்களிலிருந்து இழை செய்ய இயலாதா என்று கேட்டார். யோசனை இருந்தது, கைப்பக்குவம் இல்லை. நூறு ஆண்டுகளுக்குமேல் இது ஏட்டளவிலேயே நின்றது.

1855இல் சுவிட்சர்லாந்துக்காரராகிய ஓடமார் ஒரு காரியம் செய்தார். புழு தின்பது முசுக்கொட்டை. எனவே முசுக்கொட்டையின் உட்பட்டையைக் கூழாக்கி, அமிலத்தால் பக்குவப்படுத்தி, பசையாக்கி, அதில் ஊசியைத் தோய்த்து இழையாக இழுத்தார். இழை வந்தது, தொழிலாகவில்லை. ஊசியைத் தோய்த்துத் தோய்த்து எவ்வளவு நூல் இழுக்க முடியும்? புழுவின் உணவைப் பார்த்தவர் அதன் வாயைப் பார்க்கவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

வாயைப் பார்த்தவர்கள் பின்னால் வந்தார்கள். மின்விளக்குக்கு உள்ளிழை தேடிக்கொண்டிருந்த ஜோசப் ஸ்வான் என்னும் ஆங்கிலேயர், பசையை நுண்ணிய துளையின்வழிப் பீச்சி இழையாக்கும் முறையைக் கண்டார். அவ்விழையால் பின்னிய துணிகள் 1885இல் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவருக்கு விளக்கின்மீதுதான் நாட்டம். துணியை அவர் தொடரவில்லை. தொடர்ந்தவர் பிரான்சு நாட்டு ஷார்தொனே பிரபு. அந்நாட்டுப் பட்டுத்தொழிலைப் புழுநோய் சீரழித்த காலம் அது. 1865 முதல் சில ஆண்டுகள் லூயி பாஸ்டரே அந்நோயை ஆராய்ந்தார் என்றால், தொழில் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். புழு இல்லாமலே பட்டு வேண்டும் என்று ஷார்தொனே முனைந்தார். 1884இல் காப்புரிமை பெற்றார். 1889இல் பாரிஸ் கண்காட்சியில் தம் இழையைக் காட்டினார். சில ஆண்டுகளில் தம் ஊராகிய பெசான்சோனில் ஆலையே நிறுவினார். அவருடைய கருவியின் உயிர்நிலை மயிர்போன்ற துளையுடைய கண்ணாடிக் குழாய்கள். புழுவின் கீழுதட்டைக் கண்ணாடியில் செய்து வைத்தார் என்று சொன்னால் மிகையாகாது. அவ்விழை வெடிமருந்துக்கு உறவான பொருளால் ஆனது, எளிதில் தீப்பற்றும். அக்குணத்தைப் போக்க அதனை மேலும் ஒருமுறை பக்குவப்படுத்த வேண்டியிருந்தது.

1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்னும் மூவர் விஸ்கோஸ் முறையைக் கண்டபின் நிலைமை மாறிற்று. மரக்கூழைக் காரச் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்து, தேன்போன்ற குழம்பாக்கி, நுண்துளைத் தகட்டின்வழி அமிலத் தொட்டிக்குள் பீச்சினால் இழை உறைகிறது. அமிலம் அரித்துவிடாதபடி அத்தகடுகளைப் பொன்னும் பிளாட்டினமும் கலந்து செய்தார்கள். புழுவுக்கு ஒரு துளை. தகட்டிலோ எத்தனையோ துளைகள். புழுவின் நூற்பு முனைக்கும் ஆலையின் துளைத் தகட்டுக்கும் ஆங்கிலத்தில் இன்றுவரை ஒரே பெயர்தான்: ஸ்பின்னரெட். எங்கிருந்து எடுத்தார்களோ அதன் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் இத்தொழில் வந்தது. பவானி ஆற்றங்கரையில் சிறுமுகையில், நீலகிரி மலையின் தைலமரங்களையும் சீகை மரங்களையும் கொண்டு விஸ்கோஸ் செய்த பெரிய ஆலை பல்லாண்டுகள் நடந்து பின்னர் மூடப்பட்டது. ஆலை இருந்த அதே சிறுமுகையில் கைத்தறி நெசவாளர்கள் மென்பட்டுச் சேலை நெய்கிறார்கள். ஆலை போயிற்று, தறி இருக்கிறது. இதைக் கொண்டு நாம் பெருமை பேச விரும்பவில்லை. ஆலைகள் பிற இடங்களில் இருக்கின்றன. அவற்றின் இழை எல்லாச் சரக்கறைகளுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வாயை நகல் எடுத்ததும் கதை முடிந்துவிடவில்லை. துளையின்வழி வந்த இழை பட்டைப்போல மின்னியது. ஆனால் பட்டின் ஒளியாக இல்லை. நைலானும் பாலியெஸ்டரும் வந்தபொழுது இக்குறை இன்னும் வெளிப்பட்டது. காரணம் வடிவம். பட்டிழையைக் குறுக்கே வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால், மழுங்கிய மூலைகளுடைய முக்கோணமாகத் தெரிகிறது. அதன் முகங்களில் பட்டு வெளிச்சம் சிதறித் திரும்புவதனால்தான் பட்டுக்கு அந்த அடக்கமான ஒளி. வட்டத் துளையில் உருகி வந்த இழையோ வட்டமாகவே இருந்தது. கண்ணாடிக் கம்பிபோல வழுக்கி மின்னிற்று. ஆகவே இழையை முக்கோணமாக்க முயன்றார்கள். இங்கே ஒரு சுவையான சிக்கல். முக்கோணத் துளையில் விட்டால் இழை முக்கோணமாக வருவதில்லை. உருகிய பொருள் துளையைவிட்டு வெளிவந்ததும் பருத்து உருண்டுவிடுகிறது. துளையை மூன்று கைகள் விரிந்த கவைபோல வெட்டினால்தான், பருத்தபின் ஏறத்தாழ முக்கோணமாக நிற்கிறது. வேண்டிய வடிவத்தைப் பெற வேறொரு வடிவத்தை வெட்ட வேண்டியிருந்தது! 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் மூவிதழ் நைலானைக் கொண்டுவந்தது. 1964இல் ஜப்பானில் டோரே நிறுவனம் 'சில்லுக்' என்ற பெயரில் முக்கோணப் பாலியெஸ்டரை விற்கத் தொடங்கிற்று.

அடுத்ததைக் கேட்டால் நம் நெசவாளர்கள் வியப்பார்கள். கோராவை வேகவைத்தால் பசை போய் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறதல்லவா? அந்த இழப்பைக் கணக்கில் ஈடுகட்டுவதற்குள் சங்கங்கள் படும் பாடு நமக்குத் தெரியும். ஆலைக்காரர்கள் அந்த இழப்பையும் நகல் எடுத்தார்கள். பசை போனபின் இழைகளுக்கிடையே ஏற்படும் வெற்றிடமே பட்டுத்துணியின் துவளலுக்குக் காரணம் என்று கண்டு, நெய்த பாலியெஸ்டர்த் துணியைக் காரச் சோடாவில் இட்டு, மேற்பரப்பைக் கரைத்து, வேண்டுமென்றே எடையைக் குறைத்தார்கள். காசு கொடுத்துச் செய்த இழையைக் காசு கொடுத்துக் கரைப்பது! அவ்வளவு தூரம் புழுவைக் கவனித்திருக்கிறார்கள். அக்கவனத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆயினும் நகலுக்கு அகப்படாதவையும் உண்டு. ஆலை இழையைப் பின்னிருந்து நெருக்கித் தள்ளுகிறது. புழு தள்ளுவதில்லை, முதல் துளியைச் சந்திரிகையில் ஒட்டிவிட்டு, தலையை எட்டுப்போல வளைத்து வளைத்து ஆட்டி இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் திரவம் இழையாகிறது. அந்த இழுப்பின் வேகம்தான் இழையின் வலிமையையும் தீர்மானிக்கிறது. புழு தானே தலையாட்டும்பொழுது வேகம் கூடியும் குறைந்தும் வருகிறது. சீரான வேகத்தில் நாமே இழுத்தெடுத்தால் அதே புழுவின் இழை இன்னும் வலிமையுடையதாக வருகிறது என்று 2002இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மேலும், பாலியெஸ்டரை உருக்க 250 பாகைக்குமேல் வெப்பம் வேண்டும். விஸ்கோஸுக்குக் காரமும் அமிலமும், தொழிலாளியின் நரம்பைக் கெடுக்கும் கார்பன் டைசல்பைடும் வேண்டும். புழுவுக்கு வேண்டியது நம் வீட்டுத் திண்ணையின் வெப்பமும் தழையிலுள்ள நீரும்தான்.

இதனைப் புழு வளர்க்கும் அங்கத்தினர்களுக்காகவே சற்று அழுத்திச் சொல்கிறோம். இழை உருவாகும் ஆலை புழுவின் வாய் என்றால், அந்த ஆலையின் கட்டடம் சந்திரிகை வைக்கும் இடம். ஐந்து பருவங்களும் கண்ணிமைபோலக் காத்துவிட்டு, கூடு கட்டும் இரண்டு மூன்று நாட்களில் சந்திரிகைகளை ஈரம் தேங்கும் மூலையில் சாய்த்துவிட்டுப் போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பழுக்காத புழுவையும் பழுத்த புழுவோடு அள்ளிப் போடுகிறார்கள். ஒரு சதுர அடியில் ஐம்பதுக்குமேல் நெருக்குகிறார்கள். இழை வாயிலிருந்து வந்தவுடன் பசை உலரவேண்டும். காற்றோட்டமில்லாமல் ஈரம் மிகுந்தால் பசை உலராமல் அடுக்கோடு அடுக்கு ஒட்டிக்கொள்கிறது. நூற்பாலையில் அக்கூடு இழை அறுந்து அறுந்து வருகிறது. அங்காடியில் விலை விழுகிறது. "தரகர்கள் ஏமாற்றிவிட்டார்கள்" என்று அப்பொழுது முறையிடுவதில் பாதிதான் நியாயம். 25 பாகையை ஒட்டிய வெப்பமும், 65 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும், தாராளமான காற்றும் வேண்டும் என்பது பட்டு வளர்ச்சித் துறையினர் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வதுதான். அமிலத் தொட்டியின் அளவு ஒரு நூலிழை மாறினால் ஆலைக்காரன் இரவெல்லாம் விழித்திருக்கிறான். நாம் சன்னலைத் திறந்து வைக்கவும் சோம்புகிறோம்.

இனி அந்தப் பதிவேட்டுக்கு வருவோம்.

செயற்கை இழையை நெய்யலாகாது என்பது நம் கட்சி அன்று. விலை குறைந்த சேலை வேண்டும் என்போர் பலர். அவர்களுக்கும் நல்ல சேலை நெய்து கொடுப்பது பாவமில்லை. வேலையற்ற தறியைவிட அது நன்று. கச்சாப் பட்டின் விலை ஏறி இறங்கும் காலத்தில் தறியை நிறுத்தாமல் வைத்திருக்கச் சங்கத்துக்கு அது துணையாகவும் இருக்கும். நாம் ஆட்சேபிப்பது பெயரை. நகல் செய்தவர்களே இவ்விஷயத்தில் நம்மைவிட நேர்மையாக நடந்திருக்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே "செயற்கை" என்ற அடையோடுதான் அதனை "பட்டு" என்றார்கள். பின்னர் அதுவும் பொருந்தாது என்று 1924இல் அமெரிக்க வணிகர்கள் "ரேயான்" என்னும் புதுப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். தம் சரக்கு தன் பெயராலேயே விலைபோகும் என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது. அவர்கள் கழற்றி எறிந்த பெயரை நம் சங்கத்தின் பதிவேடு எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது. இது வேதனை அல்லவா?

அன்று அப்பெரியவரிடம், "தறிக்குத் தெரியாது சரி, சேலை வாங்குபவருக்கு?" என்று கேட்டோம். "அவங்களுக்கும் தெரியாது சார்" என்றார். சற்று நேரம் கழித்து, தாமாகவே, "எம் பேத்தி கல்யாணத்துக்கு மட்டும் நான் பார்த்துத்தான் எடுத்தேன்" என்றார். அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. கலந்த நூலைச் சரக்கறையிலிருந்து எடை போட்டுக் கொடுத்தது சங்கம். "பட்டு" என்று விற்பனைச் சீட்டு எழுதியது சங்கம். அவருக்குக் கிடைத்தது கூலி மட்டுமே. ஆனால் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, மகள் கல்யாணத்துக்கென்று நம் விற்பனை நிலையத்தைத் தேடிவரும் ஒரு குடும்பத்திற்கு, தனியார் கடையைவிட்டு இங்கே வர ஒரே காரணம்தான் உண்டு. சங்கத்தில் ஏமாற்றமாட்டார்கள் என்னும் எண்ணமே அது.

மத்தியப் பட்டு வாரியம் 2004இல் தொடங்கிய 'சில்க் மார்க்' சீட்டு, தூய பட்டுக்கு அடையாளமாக இருக்கிறது. அதனைப் பல சங்கங்கள் வாங்கி ஒட்டுகின்றன. நல்லதே. ஆனால் சீட்டு சேலையின் முந்தானையில் ஒட்டப்படுவது. பிழையோ சரக்கறையில் நிகழ்கிறது. ஆகவே பதிவேட்டில் பட்டு, விஸ்கோஸ், பாலியெஸ்டர் ஆகியவற்றுக்கு வெவ்வேறு பக்கங்கள் வேண்டும். நூல் வந்து இறங்கும்பொழுது, செயலாளரும் நிர்வாகக் குழுவில் ஒருவரும் இருந்து, கட்டுக்கு ஓர் இழை உருவி எரித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தீப்பெட்டிச் செலவுக்கு யாரும் தணிக்கைத் தடை எழுதமாட்டார்கள் என்று உறுதி கூறுகிறோம். பாவு எந்த நூல், ஊடை எந்த நூல் என்பது விற்பனைச் சீட்டிலும் தமிழிலேயே எழுதப்படட்டும்.

இப்படி எழுதினால் விற்பனை குறையும் என்று செயலாளர்கள் சிலர் நம்மிடம் சொல்கிறார்கள். முதல் பருவத்தில் குறையக்கூடும், அதை மறுக்கவில்லை. அதைவிடக் கடினமான கேள்வி, ஏற்கெனவே நெய்து மடித்து வைத்திருக்கும் சேலைகளை என்ன செய்வது என்பதே. நம் அபிப்பிராயம் இது: அவற்றை ஒன்றுவிடாமல் பிரித்துப் பார்த்து, கலப்பு உள்ளவற்றுக்கு வேறு சீட்டு ஒட்டி, அடக்க விலையைத் திருத்திக் கணக்கிட்டு, அந்த விலைக்கே விற்க வேண்டும். பட்டு விலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை நட்டம் அன்று. வந்திருக்கக் கூடாத இலாபம். கணக்கில் அது நட்டமாகவே தோன்றுமாதலால், இலாபப் பங்கீட்டுக்கு முன்னரே அதனைக் கழித்துவிடவேண்டும். எக்காரணத்தாலும் அதை நெசவாளரின் கூலியிலோ போனசிலோ பிடிக்கலாகாது. நாம் சரிபார்த்த சங்கத்தில் அப்படிப்பட்ட சேலைகள் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. நிர்வாகக் குழு வருகிற பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக வைக்க இசைந்திருக்கிறது. சீட்டு மாற்றும் வேலையை அந்தப் பெரியவரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுகிறார் என்று கேள்வி.